பழைய வீட்டில் புது பிளக் பாயிண்ட்: வயரிங்கைச் சோதிக்க முழுமையான வழிகாட்டி

பழைய வீடுகளில் பிளக் பாயிண்ட் எப்போதும் ஒன்றிரண்டு குறைவாகத்தான் இருக்கும். 1970களில் கட்டிய வீட்டின் ஹாலுக்கு இரண்டு லைட், ஒரு ஃபேன், ரேடியோவுக்கு ஒரு பிளக் போதுமானதாக இருந்தது. சமையலறைக்கு ஒரு குண்டு பல்பு, அத்தோடு சரி. இன்று அதே சமையலறையில் ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், இண்டக்ஷன் அடுப்பு, கெட்டில் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தச் சுவத்துல ஒரு பாயிண்ட் எடுத்துக் குடுங்க" என்றால், பக்கத்து போர்டிலிருந்து லூப் அடித்து (அங்கே இருக்கும் வயரிலேயே இன்னொரு வயரை இணைத்து) அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். பாயிண்டும் வேலை செய்யும்.

வேலை செய்வதும் பாதுகாப்பாக இருப்பதும் வேறு வேறு. எர்த்தே (கசியும் கரண்டைத் தரைக்குள் இறக்கும் இணைப்பு) இல்லாத மூன்று ஓட்டை பிளக்கிலும் ஃபிரிட்ஜ் நன்றாகவே ஓடும். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: பழைய லைனைச் சோதித்துத் தெரிந்துகொள்ளாமல் அதிலிருந்து புது பாயிண்ட் எடுக்காதீர்கள். சோதனையில் தேறவில்லை என்றால் மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். வீடு முழுக்க ரீவயரிங் செய்கிற செலவில் சிறு பங்குகூட ஆகாது.

இதில் பாதி வேலை வீட்டுக்காரர்களே செய்யக்கூடியது: பார்ப்பது, முகர்வது, கணக்குப் போடுவது, எழுதி வைப்பது. போர்டைக் கழற்றுவதும், கரண்ட் உள்ள இடத்தில் மீட்டர் வைப்பதும் அரசின் கம்பியாள் தகுதிச் சான்று வைத்திருப்பவரின் வேலை. அந்தச் சோதனைகளையும் கீழே விவரமாகவே எழுதியிருக்கிறேன். நீங்கள் செய்வதற்காக அல்ல, வந்தவர் செய்தாரா என்று பக்கத்தில் நின்று பார்த்துக் கேட்பதற்காக.

வயரிங்கின் வயது

வீடு கட்டிய வருடம் தெரிந்தால் மட்டும் போதாது. முன்பக்கம் 1965, பின்பக்கம் 1990, மாடி 2005 என்று வளர்ந்த வீடுகள்தான் நம் ஊரில் அதிகம். ஒவ்வொரு பகுதியிலும் வயர் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள்.

சுவரின் மேல் மரப் பள்ளத்துக்குள் வயரை வைத்து மூடி அடித்திருந்தால் அது கேசிங் கேப்பிங். உள்ளே பெரும்பாலும் ரப்பர் உறையும் அதன்மேல் நூல் பின்னலும் உள்ள வயர் இருக்கும். வயதான ரப்பர் காய்ந்து இறுகிவிடுகிறது. அசைக்காதவரை அப்படியே நிற்கும். பாயிண்ட் எடுக்க ஒரு முறை வளைத்தால் உறை பொடிப்பொடியாக உதிர்ந்து செம்பு வெளியே தெரியும். இந்த வயரில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. சோதனைகூடத் தேவையில்லை, நேரே தனி லைன்தான்.

மர ரீப்பரின் மேல் தகர கிளிப் அடித்து வயர் ஓட்டியிருந்தால் அது அடுத்த தலைமுறை. இதில் வயர் கண்ணுக்குத் தெரிவது ஒரு வசதி. வெள்ளையடிக்கும்போது ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பு பூசி, கிளிப் துருப்பிடித்து உறையை அறுத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டு வீடாக இருந்தால் பரண் பக்கம் கட்டாயம் பார்க்க வேண்டும். எலியும் அணிலும் கடித்த இடங்கள் அங்கேதான் இருக்கும்.

சுவருக்குள் பைப் புதைத்த கன்சீல்டு வயரிங்கில் எதுவும் தெரியாது. மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தளம் ஒழுகி அந்தத் தண்ணீர் பைப்புக்குள் இறங்குவது சாதாரணம். மழைக்காலத்தில் ஸ்விட்ச் போர்டைச் சுற்றிச் சுவர் ஈரமாகி, கை வைத்தால் சுர்ரென்று இழுக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லியிருந்தால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். வயரின் உறை எங்கோ போய்விட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம்.

கூடவே வீட்டாரிடம் கேட்க வேண்டியவை: அயர்ன் பாக்ஸ் போட்டால் லைட் மங்குகிறதா? எந்த ஸ்விட்சையாவது போடும்போது சடசட சத்தம் வருகிறதா? ஏதாவது ஒரு பிளக் பக்கம் காரணமில்லாமல் மீன் நாற்றம் அடிக்கிறதா? கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். ஸ்விட்ச், பிளக் செய்கிற சில பிளாஸ்டிக் வகைகள் சூடாகிக் கருகும்போது மீன் வாடைதான் வரும்.

கரண்டை நிஜமாகவே நிறுத்துவது

"மெயின ஆஃப் பண்ணியாச்சு" என்பதை நம்பி போர்டுக்குள் கை வைத்து அடிபட்டவர்கள் நிறைய. மெயின் ஆஃப் ஆன பிறகும் கரண்ட் வரும் வழிகள் நம் வீடுகளில் மூன்று இருக்கின்றன.

முதலாவது இன்வெர்ட்டர். 2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி மாட்டியது. மெயினை நிறுத்திய அடுத்த நொடியே அது தன் வேலையைத் தொடங்கி, லைட் ஃபேன் லைனுக்கு 230 வோல்ட் கொடுத்துவிடும். முன்பக்க பட்டனை அணைத்தால் போதாது. அதன் அவுட்புட்டையும் பிரிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே கட்டடத்தில் இரண்டு ஈ.பி. சர்வீஸ். கீழ்வீட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. மாடிப்படி லைட்டுக்குக் கீழேயும் மேலேயும் டூவே ஸ்விட்ச் போட்டிருப்பார்கள். கீழ் மெயினை நிறுத்தினாலும் அந்த போர்டுக்குள் மாடி சர்வீஸின் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்) ஒரு மூலையில் உயிரோடு இருக்கலாம். மாடிப்படிக்கு அருகே உள்ள போர்டு என்றால் இரண்டு மெயினையும் நிறுத்துங்கள்.

மூன்றாவது, கூரை சோலார் வைத்திருப்பவர்களுக்கு அதன் தனி ஸ்விட்ச்.

நிறுத்தியபின் டெஸ்டர் வைத்துப் பார்ப்போம். டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் சின்ன நியான் பல்பு போயிருக்கலாம், வெயில் வெளிச்சத்தில் தெரியாமல் போகலாம், நீங்கள் கனமான ரப்பர் செருப்போடு மர ஸ்டூல் மேல் நிற்கலாம். அதனால் கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கில் முதலில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்து, மறுபடி அந்த முதல் பிளக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். மெயினை நிறுத்தினால் வீட்டில் அப்படி ஒரு பிளக் இருக்காதே என்றால், பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த ஒரு எக்ஸ்டென்ஷன் போதும்.

மெயின் போர்டு

மீட்டரும் அதற்கு முந்தைய பகுதியும் மின்வாரியத்தின் பொறுப்பு. சீலை உடைக்காதீர்கள். அங்கே கருகல், தளர்ந்த வயர் ஏதாவது கண்ணில் பட்டால் மின்னகத்துக்கு (94987 94987) சொல்லுங்கள். நம் சோதனை மீட்டருக்கு அப்பால் தொடங்குகிறது.

பழைய இரும்பு மெயின் ஸ்விட்ச் இருந்தால், அதற்குள் பீங்கான் ஃப்யூஸ் கட்டை எத்தனை என்று பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் இரண்டு இருக்கும்: ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு (கரண்ட் திரும்பும் வயர்) ஒன்று. நியூட்ரல் ஃப்யூஸ் மட்டும் போய்விட்டால் லைட் எரியாது, ஃபேன் சுற்றாது, வீட்டில் கரண்ட் இல்லை என்று நினைப்போம். ஆனால் ஃபேஸ் எல்லா போர்டிலும் முழு வோல்டேஜோடு நிற்கும். ஸ்விட்ச் போட்டிருக்கும் ஒரு பல்பின் வழியாக அது நியூட்ரல் கம்பிக்கும் வந்துவிடும். பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும். எலக்ட்ரீஷியன்கள் "ரிட்டர்ன் வருது" என்பது இதைத்தான். நியூட்ரலில் தனியாக ஃப்யூஸ் போடக் கூடாது என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லிவிட்டன. ஆனாலும் பழைய போர்டுகளில் இன்றும் இருக்கிறது. ஃபேஸும் நியூட்ரலும் ஒன்றாகவே விழும் டபுள் போல் எம்.சி.பி.யாக (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) மாற்றுவதுதான் சரி.

ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி அதில் என்ன கம்பி இருக்கிறது என்று பாருங்கள். அடிக்கடி போகிறது என்று யாரோ ஒரு நாள் வயரிலிருந்து நாலு இழையை முறுக்கிச் செருகியிருப்பார்கள். அது ஃப்யூஸ் அல்ல. அந்த லைனில் கோளாறு வந்தால் ஃப்யூஸுக்குப் பதில் சுவருக்குள் இருக்கும் வயர்தான் எரியும்.

எம்.சி.பி. போட்ட வீடுகளிலும் இதே வேலை வேறு உருவத்தில் நடக்கிறது. 10 ஆம்ப் விழுகிறது என்று 16, அதுவும் விழுகிறது என்று 32. எம்.சி.பி. காப்பது மாட்டியிருக்கும் சாமானை அல்ல, அதன் பின்னால் ஓடும் வயரை. வயர் மாறாமல் எம்.சி.பி. மட்டும் பெரிதாகியிருந்தால் முதல் வேலையாகப் பழைய அளவுக்கே திருப்புங்கள். 1 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயருக்கு 6 ஆம்ப், 1.5க்கு 10, 2.5க்கு 16, 4க்கு 20 அல்லது 25 என்று வைத்துக்கொண்டால் பழைய வீட்டுக்குப் பாதுகாப்பான கணக்கு.

பழைய வயர் ஸ்கொயர் கணக்கில் (கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு) இருக்காது, கேஜ் கணக்கில் (கம்பியின் தடிமன் எண்) இருக்கும். வயதான எலக்ட்ரீஷியன்கள் இன்றும் மூணு இருபது, ஏழு இருபது என்றுதான் சொல்வார்கள். 3/20 என்றால் 20 கேஜ் கம்பி மூன்று. 1/18, 3/22 இரண்டும் ஏறக்குறைய 1.2 ஸ்கொயர், 3/20 ஏறக்குறைய 2, 7/20 ஏறக்குறைய 4.6. பழைய பிளக் லைன்களில் 3/20 இருந்தால் அதை 2.5 என்று நினைத்து 16 ஆம்ப் போட்டுவிடக் கூடாது.

போர்டைக் கழற்றியதும்

புது பாயிண்டுக்கு லூப் எடுக்க நினைக்கும் போர்டையும், அந்த லைனில் அதற்கு முன்னால் உள்ள போர்டையும் திறந்து பாருங்கள். கோளாறு பெரும்பாலும் முந்தையதில்தான் இருக்கும்.

கம்பி வெள்ளி நிறமாக இருக்கிறதா? ஒரு முனையைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈயம் பூசிய செம்பு என்றால் உள்ளே செம்பு நிறம் வரும். சுரண்டியும் வெள்ளையாகவே இருந்தால் அலுமினியம். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் அறுபது சதவீதம் அளவுதான். 2.5 அலுமினியம் 1.5 செம்புக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய தொல்லை ஜாயிண்ட். அலுமினியத்தின் மேல் கரண்ட் கடத்தாத ஒரு ஆக்சைடு படலம் உண்டாகும். ஸ்குருவின் அழுத்தத்தில் அலுமினியம் நசுங்கி நாளடைவில் பிடி தளரும். அதோடு செம்பைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினால் ஈரத்தில் அரிப்பும் சேர்ந்து, அந்த ஒரு இடம் மட்டும் சூடாகிக்கொண்டே போகும். அலுமினிய லைனிலிருந்து செம்பு வயரை முறுக்கி புது பாயிண்ட் எடுப்பது கூடவே கூடாது.

அடுத்தது நிறம். நம் வழக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பழைய போர்டில் இதை நம்ப முடியாது. கையில் இருந்த பச்சை வயரை ஸ்விட்ச் வயராகப் போட்டவர்கள் உண்டு.

கழற்றாமலே டெஸ்டரில் தெரிகிற ஒரு சோதனை இருக்கிறது. எர்த் ஓட்டை மேலே இருக்கும்படி பிளக்கை நேராகப் பார்த்தால் வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல் இருக்க வேண்டும். ஸ்விட்சைப் போட்டால் வலது ஓட்டையில் மட்டும் எரிய வேண்டும். ஸ்விட்சை அணைத்தபின் எதிலுமே எரியக் கூடாது. அணைத்த பிறகும் எரிந்தால் ஸ்விட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறது. அந்த பிளக்கில் மாட்டிய மிக்ஸியை நீங்கள் ஸ்விட்சை அணைத்துவிட்டுத் துடைத்தாலும் உள்ளே ஃபேஸ் இருந்துகொண்டுதான் இருக்கும்.

பிறகு நாற்றமும் நிறமும். டெர்மினல் ஸ்குரு பக்கத்தில் உறை பழுப்பாகி இறுகியிருந்தால், பழைய துணி டேப் சுற்றிய ஜாயிண்ட் தொங்கினால், ஒரே ஸ்குருவில் மூன்று நான்கு வயர் திணித்திருந்தால், அந்த போர்டு ஏற்கெனவே தாங்காமல் இருக்கிறது. இன்னொரு வயரை அதில் செருக இடம் தேடாதீர்கள்.

எர்த்: இருக்கிறது என்று நினைக்கிற இடம்

எனக்குத் தெரிந்து பழைய வீடுகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதில் பச்சை வயரும் இருக்கும், சுவரோரம் துருப்பிடித்த ஜி.ஐ. கம்பி ஒன்று தரைக்குள் இறங்கும். எல்லாம் இருந்தும் எர்த் இருக்காது.

காரணங்கள் பல. ஒரு காலத்தில் ஜி.ஐ. தண்ணீர்க் குழாயில் கம்பியைச் சுற்றி அதையே எர்த் என்று வைத்துக்கொண்டார்கள். பிறகு வீட்டுக்குள் பிளம்பிங்கைப் பிளாஸ்டிக் பைப்பாக மாற்றினோம். குழாய் போனதோடு எர்த்தும் போனது, யாரும் கவனிக்கவில்லை. கரியும் உப்பும் போட்டு முறையாக எர்த் குழி எடுத்த வீடுகளிலும், அதன்மேல் டைல்ஸ் ஒட்டி மூடியிருப்பார்கள், அல்லது கிளாம்ப் துருவில் இற்றுப்போயிருக்கும்.

இதைவிட மோசமானது பொய் எர்த். எர்த் இல்லாத வீட்டில் புது ஃபிரிட்ஜ் மாட்ட வந்தவர், பிளக்கின் பின்னால் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுப் போயிருப்பார். டெஸ்ட் லேம்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தால் பளிச்சென்று எரியும். மீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சுத்தமாக சைபர் காட்டும். பார்ப்பவர் "எர்த் சூப்பர்" என்பார். என்றைக்காவது அந்த லைனின் நியூட்ரல் ஜாயிண்ட் விட்டுப்போனால், ஃபிரிட்ஜின் தகர உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். கரண்ட் கசிந்தால் லைனை அறுக்கும் ஸ்விட்சான ஆர்.சி.சி.பி.கூட இந்தக் குறுக்கு இணைப்பைக் காட்டிக்கொடுக்காது. போன கரண்ட் நியூட்ரல் வழியாகவே திரும்புவதால் அதற்கு எல்லாம் சரியாகத் தெரியும். கழற்றிக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வழியில்லை. நியூட்ரல், எர்த் இடைவெளி துல்லியமாக 0 வோல்ட் காட்டினால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். நல்ல வீட்டில், சாமான்கள் ஓடும்போது, 1 முதல் 5 வோல்ட் வரை ஏதாவது காட்டும்.

எர்த் எவ்வளவு நல்லது என்று தெரிய, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் மல்டிமீட்டர் வைத்து 230 காட்டுகிறது என்பதை மட்டும் நம்பக் கூடாது. மீட்டர் இழுப்பது அற்பக் கரண்ட். இற்றுப்போன எர்த்தும் அதைத் தாங்கி 230 என்றே காட்டும். அனுபவமுள்ளவர்கள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பு வைப்பார்கள். அது 0.43 ஆம்ப் அளவுக்கு இழுக்கும். பல்பு எரியும்போதே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். 2 வோல்ட் கூடினால் எர்த்தின் தடை 5 ஓம் பக்கம். 20 வோல்ட் கூடினால் 50 ஓம் பக்கம். ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டில் இந்த பல்பை வைத்த உடனே அது விழுந்துவிடும், விழவும் வேண்டும். ஒரு கடுமையான எச்சரிக்கை: எர்த் எங்காவது அறுந்திருந்தால், இந்தச் சோதனையின்போது அந்த எர்த் வயரில் இணைந்த எல்லாச் சாமான்களின் உடம்பிலும் கரண்ட் ஏறும். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, யாரையும் எதையும் தொடவிடாமல் தெரிந்தவர் மட்டுமே செய்ய வேண்டும். எர்த் டெஸ்டர் கருவி வைத்திருப்பவர் கிடைத்தால் இந்த வித்தையே வேண்டாம்.

எர்த் ஓரளவு இருக்கிறது, எம்.சி.பி.யும் இருக்கிறது, போதாதா என்று கேட்பார்கள். போதாது. வீட்டு எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த செம்மண்ணிலும் பாறை நிலத்திலும் இது சாதாரணம். வாஷிங் மெஷினுக்குள் ஃபேஸ் வயர் உடம்பைத் தொட்டுவிட்டால் எர்த் வழியாக ஓடுவது 230ஐ 20ஆல் வகுத்தால் வரும் 11.5 ஆம்ப். 16 ஆம்ப் எம்.சி.பி.க்கு அது வழக்கமான சுமைதான், விழாது. மெஷினின் உடம்பில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் மணிக்கணக்கில் நிற்கும். இந்த இடத்துக்காகத்தான் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. வேண்டும். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், 30 மில்லி ஆம்பைத் தொடும் முன்பே கண நேரத்தில் அறுத்துவிடும். எர்த் சரியில்லாத வீட்டிலும் ஆள் தொட்ட நொடியில் அது விழும்; ஷாக் தெரியும், உயிர் பிழைக்கும். ஆனால் ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்தால் அதற்குத் தெரியாது. ஓவர்லோடையும் அது கவனிக்காது, எம்.சி.பி.யும் கூடவே வேண்டும்.

புது பாயிண்டுக்குச் செலவு செய்யப் பணம் குறைவு என்றால், என் வரிசை இது: முதலில் ஆர்.சி.சி.பி., அடுத்து எர்த் குழி, அப்புறம்தான் பாயிண்ட்.

ஆர்.சி.சி.பி. மாட்டிய அன்றே விழுந்துகொண்டே இருந்தால் அதைக் குறை சொல்லிக் கழற்றிவிடாதீர்கள். பழைய வீட்டில் லீக்கேஜ் இருப்பதை அது காட்டுகிறது. இன்னொரு காரணமும் அடிக்கடி உண்டு: இன்வெர்ட்டர் மாட்டும்போது அதன் லைனின் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் கலந்து கட்டியிருப்பார்கள். நியூட்ரல்களைப் பிரித்தால் விழுவது நிற்கும்.

மெக்கர் சோதனை

கண்ணுக்குத் தெரியாத வயரின் உறையைச் சோதிக்கும் ஒரே வழி இது. 500 வோல்ட் மெக்கர் (வயர் உறையின் தடையை அளக்கும் கருவி) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனாகத் தேடுங்கள். "அதெல்லாம் ஃபேக்டரிக்குத்தான் சார்" என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். மெயினை நிறுத்தி, எல்லா பிளக்கையும் பிடுங்கி, பல்புகளைக் கழற்றி, எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களையும் ஆர்.சி.சி.பி.யையும் லைனிலிருந்து பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 500 வோல்ட்டில் அவை போய்விடும். ஸ்விட்சுகள் ஆனில் இருக்கட்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாக இணைத்து எர்த்துக்கு எதிராக ஒரு அளவு. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இன்னொரு அளவு.

பல மெகா ஓம் காட்டினால் நல்ல லைன். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைனில் எதையும் சேர்க்கக் கூடாது. 1க்கும் 2க்கும் நடுவில் என்றால், எந்த மாதத்தில் அளந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. சித்திரை வெயிலில் காய்ந்த சுவரில் 2 காட்டும் லைன், ஐப்பசி மழையில் 0.2க்கு இறங்கலாம். முடிந்தால் அடைமழை ஓய்ந்த வாரத்தில் அளக்கச் சொல்லுங்கள். வீட்டின் உண்மை நிலை அப்போதுதான் தெரியும்.

தாங்குமா என்ற கணக்கு

வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்ப். 750 வாட் மிக்ஸி 3.3, 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3, 1500 வாட் கெட்டில் 6.5, 2000 வாட் இண்டக்ஷன் 8.7, 3000 வாட் கீசர் 13. கெட்டிலைக் கவனியுங்கள்: சின்னச் சாமான் என்று சின்ன பிளக்கில் மாட்டுகிறோம், 6 ஆம்ப் பிளக்கின் எல்லையை அது தாண்டிவிடுகிறது. பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில் மாட்ட விற்கிற கன்வெர்ட்டரை இதனால்தான் வீட்டுக்குள் விடக் கூடாது.

வயரிங்குக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 732 விதிமுறைப்படி லைட் ஃபேன் லைன் ஒன்றில் அதிகபட்சம் 10 பாயிண்ட், அல்லது 800 வாட். 16 ஆம்ப் பவர் லைன் ஒன்றில் இரண்டு பிளக்குக்கு மேல் கூடாது. உங்கள் லைனில் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று தெரிய, ஒரு எம்.சி.பி.யை மட்டும் அணைத்து வீடு முழுக்க நடந்து எவையெல்லாம் நின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் இது ஆச்சரியங்கள் நிறைந்த நடை. சமையலறை பிளக் திண்ணை லைட்டோடு சேர்ந்து அணையும்.

ஏ.சி., கீசர் போலப் பெரிய சாமான் சேருவதானால் ஈ.பி.யில் நீங்கள் வாங்கியிருக்கும் மின்பளு எவ்வளவு என்றும் பாருங்கள். தாண்டினால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

லூப்பா, தனி லைனா, ரீவயரிங்கா

செம்பு வயர், பி.வி.சி. உறை, மெக்கரில் தேறியது, எர்த் நிஜம், கணக்கில் இடம் இருக்கிறது என்றால், 6 ஆம்ப் பாயிண்ட் ஒன்றைப் பக்கத்து போர்டிலிருந்து லூப் எடுக்கலாம். 16 ஆம்ப் பாயிண்டை எந்தப் பழைய லைனிலிருந்தும் லூப் எடுக்காதீர்கள், எத்தனை நல்லதாக இருந்தாலும். அது மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி.யோடு வர வேண்டும்.

மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்றில் தேறவில்லை என்றால் தனி லைன். ரப்பர் வயர், ஒன்றுக்கு மேற்பட்ட லைன் மெக்கரில் தோல்வி, வீடு முழுக்க அலுமினியம் என்றால் தனி லைன் போட்டுச் சமாளிப்பது தற்காலிகம்தான். ரீவயரிங்குக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள். அதுவரை அந்த லைன்களில் லைட், ஃபேன் தவிர எதையும் ஓட்டாதீர்கள்.

தனி லைனுக்கு 2.5 ஸ்கொயர் செம்பு வயர், ஏ.சி.க்கும் 3000 வாட் கீசருக்கும் 4. ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வயரின் மேலேயே அச்சாகியிருக்கும். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் மெயின் போர்டிலிருந்தே வர வேண்டும். நியூட்ரலைப் பக்கத்து போர்டில் கடன் வாங்கக் கூடாது. நடுவில் ஜாயிண்ட் இல்லாமல் ஒரே வயராக இழுக்கச் சொல்லுங்கள். சிங்குக்கு நேர் மேலேயோ, அடுப்பின் ஆவி அடிக்கும் இடத்திலோ பிளக் வேண்டாம். குழந்தை உள்ள வீட்டுக்கு ஷட்டர் உள்ள பிளக் வாங்குங்கள்.

சுவரில் காடி வெட்டிப் பைப் பதித்ததும், பூச்சு பூசும் முன், பக்கத்தில் டேப்பை விரித்து வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காலண்டருக்கு ஆணி அடிக்கும் நாளில் அது தேவைப்படும்.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனை உடனே அனுப்பாதீர்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். பிறகு மாதம் ஒரு முறை நீங்களே அழுத்துங்கள். புது பிளக்கில் அதன் முழுச் சுமையை மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு அணைத்துப் பிடுங்கி, பிளக்கின் முகத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சகஜம். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே ஸ்குரு தளர்வு, அவரைக் கழற்றி இறுக்கச் சொல்லுங்கள். எம்.சி.பி.யின் கீழே எந்த பாயிண்ட், எத்தனை ஸ்கொயர் வயர், என்ன தேதி என்று ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். மெக்கர் அளவுகளையும் எர்த் அளவையும் மெயின் போர்டு கதவின் உட்புறம் எழுதி வையுங்கள். அடுத்த முறை அளக்க வருபவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் இருக்கும்.